படியில் தொடங்குங்கள்: மாதிரி ரயில் நிலையத்துக்கு ஒரு நடைமேம்பாலம்

நடைமேம்பாலம் கட்ட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கிர்டரில்தான் முதலில் கைவைக்கிறார்கள். குறுக்குப்பட்டைகள் பின்னிய அந்தப் பக்கச்சட்டம் பார்க்க அழகு. ஆனால் பாலத்தின் அளவைத் தீர்மானிப்பது படிக்கட்டு. கிர்டரை முடித்துவிட்டுப் படிக்கு வந்தால் பிளாட்பாரத்தில் இடம் போதாது. அல்லது கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும்.

கீழே உள்ள அளவுகள் எச்.ஓ. ஸ்கேலுக்கு, அதாவது 1:87-க்கு. இரட்டைப் பாதையைக் கடந்து, இருபுறமும் பிளாட்பாரத்துக்கு இணையாக இறங்கும் எஃகுப் பாலம் இது. ஓ.ஓ. ஸ்கேல் (1:76) என்றால் 1.14-ஆல் பெருக்குங்கள், 1:160 என் ஸ்கேல் என்றால் 0.54-ஆல்.

முதலில் உயரக் கணக்கு. தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து பாலத்தின் அடிப்பாகம் 68 மி.மீ. மேலே இருக்கட்டும், நிஜத்தில் இது 5.9 மீட்டர். உங்களிடம் உள்ள மிக உயரமான வண்டியை அந்த இடத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். மின்சார எஞ்சின் ஓட்டுபவர்கள் பேன்டோகிராஃபை (கூரைமேல் உள்ள, மின்கம்பியைத் தொடும் சட்டத்தை) முழுக்க உயர்த்தி அளக்க வேண்டும். மேலே கம்பியும் உண்டு என்றால் பாலத்தை இன்னும் உயர்த்தியே ஆக வேண்டும். அடியில் 2 மி.மீ. குறுக்கு விட்டம், அதன்மேல் 1 மி.மீ. தளம். ஆக நடக்கும் தளம் 71 மி.மீ. உயரத்தில் வரும். பிளாட்பாரம் தண்டவாளத்தைவிட 9 மி.மீ. உயரம் என்று வைத்தால், படிகள் ஏற வேண்டியது 62 மி.மீ.

62-ஐ 31 படிகளாகப் பிரித்தால் ஒரு படியின் உயரம் சரியாக 2 மி.மீ. நிஜத்தில் 174 மி.மீ.; கொஞ்சம் செங்குத்துதான், ஆனால் கண்ணை உறுத்தாது. கீழ்ப் பகுதியில் 16 ஏற்றம், நடுவில் 15 மி.மீ. நீள லேண்டிங் (படிகளுக்கு இடையே வரும் சமதளம்), மேல் பகுதியில் 15 ஏற்றம். லேண்டிங்கும் படி முடியும் இடத்து மேல்தளமும் தலா ஒரு படியாகக் கணக்கில் வந்துவிடுவதால், வெட்ட வேண்டிய படிப்பலகை கீழே 15, மேலே 14. படிக்குப் படி 3.3 மி.மீ. முன்னேறினால் லேண்டிங்கையும் சேர்த்து மொத்த நீளம் ஏறக்குறைய 111 மி.மீ. பிளாட்பாரத்தில் இந்த நீளம் இருக்கிறதா, படியின் 22.5 மி.மீ. அகலத்துக்கு இருபக்கமும் ஆள் நடக்க 20 மி.மீ. வீதம் மிஞ்சுகிறதா என்று இப்போதே பாருங்கள். இடம் இல்லையென்றால் நடு லேண்டிங்கில் படியைத் திருப்பி இறக்கலாம். படியைச் செங்குத்தாக்கி இடம் மிச்சம் பிடிக்காதீர்கள். அது ஏணியாகத்தான் தெரியும்.

தேவையானவை: 0.5 × 3.5 மி.மீ. ஸ்டைரீன் (ஒருவகை பிளாஸ்டிக்) பட்டை 4 (படிப்பலகைக்கு), 0.75 × 5 மி.மீ. பட்டை 2 (படியின் பக்கப்பலகைக்கு), 0.25 × 1 மி.மீ. பட்டை 7 (கிர்டர் பின்னலுக்கு), 0.5 × 1.5 மி.மீ. பட்டை 2 (கிர்டரின் மேல், கீழ் விளிம்புக்கு). எல்லாம் 350 மி.மீ. நீளம் உள்ளவை. இவை தவிர 1 மி.மீ., 2 மி.மீ. ஷீட், கால்களுக்கு 2.5 மி.மீ. எச் வடிவப் பட்டை, கைப்பிடிக்கு 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி. ஒட்டுவதற்கு நீர்போல ஓடும் பிளாஸ்டிக் சிமென்ட். குழாயில் வரும் கெட்டியான பசை வேண்டாம். அது நூல்நூலாக இழுத்து பின்னலைப் பாழாக்கும். சிமென்ட்டின் ஆவி தலையைச் சுற்றவைக்கும், ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

படிப்பலகைகளை 21 மி.மீ. நீளத்தில் வெட்டுங்கள். ஒரு பட்டைக்கு 16 வீதம் 64 துண்டு வரும், இருபக்கப் படிக்கட்டுக்கும் வேண்டியது 58. ஒவ்வொன்றையும் அளவுகோலில் பார்த்து வெட்டினால் நிச்சயம் ஏறுக்குமாறாகும். மேசையில் ஒரு தடுப்புக்கட்டையை ஒட்டி, பட்டையை அதில் முட்டவைத்து ஒரே அடியில் வெட்டுங்கள். கத்தி இறங்கிய பக்கத்தில் சிறு பிசிறு எழும்பும். அதைச் சுரண்டாவிட்டால் பக்கப்பலகை முழுதாக ஒட்டாது.

படிகளைச் சரிமட்டத்தில் ஒட்ட ஒரு ஜிக், அதாவது துண்டுகளை அதனதன் இடத்தில் தாங்கிப் பிடிக்கும் அச்சு, இருந்தால்தான் முடியும். 2 மி.மீ. ஷீட்டில் 18 மி.மீ. அகலமான 15 துண்டுகள் வெட்டுங்கள். அடியில் உள்ளது 49.5 மி.மீ. நீளம், அடுத்தடுத்தது 3.3 மி.மீ. குறைவு. பின்முனைகளை மூலைமட்டத்தில் நேராக்கி அடுக்கி ஒட்டினால் அதுவே ஒரு குட்டிப் படிக்கட்டு. 2 மி.மீ. என்று விற்கும் ஷீட் 1.95 ஆகவும் இருக்கக்கூடும், 15 அடுக்கில் அது முக்கால் மில்லிமீட்டர் பிழை. அடுக்கின் மொத்த உயரம் 30 மி.மீ. வருகிறதா என்று அளந்து, குறைந்தால் இடையிடையே மெல்லிய தாள் வையுங்கள்.

ஜிக்கின் ஒவ்வொரு படியிலும் ஒரு படிப்பலகையை வைத்தால் இருபுறமும் 1.5 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது: பக்கப்பலகையை அந்த முனைகளில் சாய்த்து, தூரிகை நுனியால் சிமென்ட்டைத் தொட்டுவைத்தால் அது மூட்டுக்குள் மட்டும் ஓடும், ஜிக்கை எட்டாது. தூரிகையில் அதிகம் எடுத்தால் படிப்பலகை, பக்கப்பலகை, ஜிக் மூன்றையும் சேர்த்து ஒட்டிவிடும். பக்கப்பலகையை 65 மி.மீ. நீளத்தில் வெட்டி, ஒட்டிக் காய்ந்தபின் முனைகளைச் சீவுங்கள். மேல் பகுதிக்கு அதே ஜிக், ஒரு படியை விட்டுவிட்டால் போதும்.

சீவும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் படியின் மேல்பரப்பு பிளாட்பாரத்திலிருந்து 2 மி.மீ. இருக்க வேண்டும். பிளாட்பாரத்துக்குக் கல்தளத் தாள் பின்னால் ஒட்டப்போகிறீர்கள் என்றால் அதன் கனத்தையும் இப்போதே கணக்கில் சேருங்கள். இல்லையெனில் முதல் படி பாதி புதைந்துபோகும்.

கிர்டருக்கு 140 மி.மீ. நீளம், 17 மி.மீ. உயரம். படத்தைத் தாளில் வரைந்து கண்ணாடித் துண்டின் அடியில் வைத்து அதன்மேல் கட்டுங்கள். மேல், கீழ் விளிம்புகளுக்கு இடையே 14 மி.மீ.; நீளம் 14 மி.மீ. வீதம் 10 கட்டங்கள், ஆகவே குறுக்குப்பட்டைகள் 45 பாகையில் விழும். 7 மி.மீ. இடைவெளியில் ஒரு திசைப் பட்டைகளை விளிம்பின் முன்பக்கத்திலும் எதிர்த்திசைப் பட்டைகளைப் பின்பக்கத்திலும் ஒட்டுங்கள். 26 மி.மீ. துண்டுகள் 90 வெட்டிக்கொண்டால் இரண்டு கிர்டருக்கும் போதும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை ஒட்டிக்கொண்டே போனால் சட்டம் வாழைக்காய்போல வளையும், சிமென்ட் இளக்கிய பக்கம் காயும்போது சுருங்குவதால். நடுவில் தொடங்கி இடமும் வலமுமாக மாறிமாறி ஒட்டி, இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஓர் இரவு எடை வையுங்கள்.

தளம் 140 × 21 மி.மீ.; அடியில் 14 மி.மீ.க்கு ஒன்றாக 11 குறுக்கு விட்டங்கள். கிர்டரின் அடிவிளிம்பு விட்டத்தின் அடியோடு ஒன்றினால், நடப்பவருக்கு 14 மி.மீ. உயரத் தடுப்பு கிடைக்கும். தளத்தின் கனத்துக்காக இரண்டு ஷீட்டை முழுப்பரப்பிலும் ஒட்டிச் சேர்க்காதீர்கள். உள்ளே சிக்கிய சிமென்ட் வெளியேற வழியின்றி, வாரக்கணக்கில் கழித்துத் தளத்தை முறுக்கும். வேறு வழியில்லை என்றால் அடி ஷீட்டில் ஆங்காங்கே 1 மி.மீ. துளை இடுங்கள்.

ஒவ்வொரு பக்கமும் 24 × 24 மி.மீ. மேல்தளத்தைத் தாங்க நான்கு கால்கள்: கிர்டர் வந்து உட்காரும் இரண்டும் 59 மி.மீ., மற்ற இரண்டும் மேல்தளத்தின் அடிவரை. நடு லேண்டிங்குக்கு 31 மி.மீ. கால் இரண்டு. கால் ஒவ்வொன்றின் அடியிலும் 0.8 மி.மீ. பித்தளை ஊசியைச் செருகி ஒட்டுங்கள்.

கைப்பிடிக்குமுன் பெயின்ட் அடித்துவிடுவது நல்லது; கம்பி போட்டபின் படியின் உள்பக்கத்துக்குத் தூரிகை போகாது. பிரைமர், பிறகு அடிநிறம். நிஜப் பாலத்தின் நிறத்தைவிடச் சற்று வெளிறியதாக எடுங்கள், சிறிய உருவில் அடர்நிறம் மேலும் இருண்டு தெரியும். துரு காலடியிலும் மூட்டுகளிலும் போதும். நீராவி எஞ்சின் ஓடும் பாதை என்றால் புகைக்கரி தண்டவாளத்துக்கு நேர்மேலே, பாலத்தின் அடியில் மட்டும். கைப்பிடித் தூண்களை நான்கு படிக்கு ஒன்றாக 0.5 மி.மீ. துளையில் நிறுத்தி, சூப்பர் க்ளூவை ஊசி முனையில் எடுத்து வையுங்கள்.

பிளாட்பாரத்தில் பாலத்தை ஒட்ட வேண்டாம். ஊசிகள் துளைகளில் இறங்கி நின்றாலே அசையாது. தண்டவாளம் துடைக்கும்போது முழுதாகத் தூக்கி எடுத்துவிடலாம். நிலையம் வளைவில் இருந்தால், ஊசித் துளை இடுவதற்கு முன் மிக நீளமான பெட்டியை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள்: பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் எவ்வளவு நீட்டுகின்றன என்று குறித்துக்கொண்டு, அதற்கப்பால் 3 மி.மீ.யாவது தள்ளிக் கால்களை நிறுத்துங்கள்.