பிக்கப் வண்டிக்குப் பெரிய டாங்க், புது பம்ப்: முதல்முறை மாற்றுபவர்களுக்கு

பெரிய டாங்க் மாட்டும்போதே பம்பையும் மாற்றிவிடுங்கள். பம்ப் டாங்குக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தடவை இறக்கி ஏற்றுவானேன்? இங்கே சொல்வது இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் வண்டிக்கு.

முதலில் கணக்கு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.3 லிட்டர் தேவை. 300 குதிரைத்திறன் என்றால் 90 லிட்டர் சொச்சம். அதற்கு ஓரளவு மேலே கொடுக்கும் பம்ப் போதும். ஆசைக்கு மிகப் பெரியதைப் போட்டால், பழைய மெல்லிய ரிட்டர்ன் குழாயில் பெட்ரோல் திரும்ப வழியில்லாமல் பிரஷர் ஏறும். டாங்க் வாங்கும்போது, பெட்ரோல் மட்டத்தை அளக்கும் மிதவையின் ஓம் (மின்தடை) அளவு உங்கள் பெட்ரோல் மீட்டருக்கு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் முள் தப்பாகத்தான் காட்டும்.

சரி, கழற்றலாம். இன்ஜினை நிறுத்தினாலும் லைனில் பிரஷர் நிற்கும். பம்ப் ஃபியூஸை உருவிவிட்டு, வண்டி தானாக அணையும்வரை ஓட விடுங்கள். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் பொறியில் பற்றிக்கொள்ளும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பெட்ரோலைக் கைப்பம்பால் வடித்துவிடுங்கள். ஜாக்கி மேல் ஒரு பலகை வைத்து டாங்கைத் தாங்கி, குழாய்களையும் ஒயரையும் கழற்றி, பட்டைகளைத் தளர்த்தி மெல்ல இறக்குங்கள். பம்பைப் பிடித்திருக்கும் வளையத்தைப் பித்தளை உளியால் தட்டித் திருப்புங்கள். இரும்பு உளி என்றால் பொறி பறக்கும்.

இனி நிதானமாகச் செய்ய வேண்டிய இடம். டாங்குக்குள் வரும் ஹோஸ், பெட்ரோலில் மூழ்கியே கிடப்பதற்கென்று செய்தது, எஸ்ஏஇ ஜே30ஆர்10 (SAE J30R10) என்று அச்சிட்டிருக்கும். சாதாரண பெட்ரோல் ஹோஸின் வெளித்தோல் உள்ளே ஊறி, உப்பி, பிளந்துவிடும். பிளந்தால் பம்ப் தள்ளுவது டாங்குக்குள்ளேயே கொட்டும். வண்டி இழுக்காது, நீங்கள் பம்பைக் குறை சொல்வீர்கள். பம்ப் டாங்கில் உட்காரும் இடத்து ரப்பர் வளையமும் (சீல்) புதிதாகவே இருக்கட்டும், முறுக்கில்லாமல் படிய வையுங்கள்.

ஒயரையும் விடாதீர்கள். பெரிய பம்ப் அதிக கரண்ட் இழுக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) வழியாகத் தடித்த ஒயர் கொண்டு வந்து, எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய சேஸிஸில் முடுக்குங்கள். இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரைப் பம்ப் முனையில் வைத்துப் பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஒயரிங் சரியில்லை.

100 லிட்டர் பெட்ரோலே 75 கிலோ வரும். அதனால் பழைய பட்டைகள் வேண்டாம், புது டாங்குக்கு உரியதையே போடுங்கள்.

ஏற்றி முடித்ததும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஃபியூஸையும் பேட்டரியையும் மறுபடி மாட்டி, சாவியை ஆன் செய்து இரண்டு விநாடி, மறுபடி ஆஃப்; இப்படிச் சில தடவை. இணைப்புகளில் ஈரம் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யலாம். கடைசியாக டாங்கை நிரப்பிவிட்டும் ஒருமுறை பாருங்கள். மேல் சீலில் கசிவு இருந்தால் அப்போதுதான் தெரியும்.