ஒரு மேற்கோள் குறிக்காக மூன்று நாள்

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஒரு வாடிக்கையாளரின் பில்களை மாதவாரியாகக் கூட்டி, புதிய மாதம் மேலே வரும்படி அடுக்கும் ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி). டேபிளில் 40 லட்சம் வரிசைகள். ஆப்பிலிருந்து ஓடினால் 9 விநாடி. நானே தட்டிப் பார்த்தால் உடனே வந்துவிடுகிறது.

முதலில் மாதவாரியாகக் கூட்டும் குரூப் பை மேல்தான் சந்தேகம். தேதிக்குத் தனி இன்டெக்ஸ் (வரிசைகளைச் சட்டென்று கண்டுபிடிக்க உதவும் பட்டியல்) போட்டேன், பஃபர் பூலை (டேட்டாவை மெமரியில் வைக்கும் இடம்) கூட்டினேன். பலனில்லை.

பிறகு ஆப் அனுப்பிய குவெரியை லாக்கிலிருந்து அப்படியே எடுத்து எக்ஸ்பிளெயின் (குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) போட்டேன். பாசிபிள் கீஸில் வாடிக்கையாளர் எண்ணின் இன்டெக்ஸ் பெயர் இருக்கிறது, ஆனால் கீ என்ற இடத்தில் நல், அதாவது எந்த இன்டெக்ஸையும் எடுக்கவில்லை. கையோடு ஷோ வார்னிங்ஸ் கொடுத்தேன் (பலர் இதைப் பார்ப்பதே இல்லை). எச்சரிக்கை 1739: டைப் மாற்றத்தால் இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியவில்லை.

வாடிக்கையாளர் எண் இருப்பது வார்கார் வகை நெடுவரிசையில், அதாவது எண்ணாக அல்ல, எழுத்துகளாக. நான் மேற்கோளுக்குள் தட்டினேன். ஆப் வெறும் எண்ணாக அனுப்பியது. '123', '0123', '123ஏ' மூன்றும் எண்ணாக மாறினால் 123தான். அதனால் ஒவ்வொரு வரிசையையும் மாற்றிப் பார்த்தே ஆக வேண்டும். இதைவிட மோசம், '0123' என்ற இன்னொருவரின் பில்களும் கூட்டுத்தொகையில் சேர்ந்திருந்தன.

ஆப்பிலிருந்து வாடிக்கையாளர் எண்ணை ஸ்ட்ரிங்காக (எழுத்துகளாக) அனுப்பினேன். 20 மில்லி விநாடி. அப்பாடா! தேவையில்லாமல் போட்ட தேதி இன்டெக்ஸையும் நீக்கிவிட்டேன்.