சக மாணவரின் கட்டுரைக்குப் பயனுள்ள கருத்துச் சொல்வது எப்படி?

வடசென்னைப் பள்ளிகளில் ஒரு மாணவர் தம் கட்டுரையைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிப் படித்துப் பார்க்கச் சொன்னால், பெரும்பாலும் “சூப்பரா கீதுடா” என்ற பாராட்டு வரும். இல்லையென்றால் சுற்றி இருப்பவர்களும் சேர்ந்துகொள்ளும் கலாய்ப்பு வரும். இரண்டுமே நட்பின் உரிமையில் பிறப்பவைதான். ஆனால் அன்று மாலை வீட்டில் நோட்டைத் திறக்கும்போது எந்த வரியில் கைவைப்பது என்பதை அவை அவருக்குச் சொல்வதில்லை. எழுதியவர் அடுத்துச் செய்யக்கூடிய ஒரு வேலையைத் தெளிவாகக் காட்டுவதே நல்ல கருத்து. அதற்குரிய வழிகளை உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதியவரிடமே முதலில் கேளுங்கள். தொடக்கம் சரியாக அமைந்திருக்கிறதா, வாதம் புரிகிறதா என ஏதேனும் ஓர் ஐயம் அவருக்கு இருக்கும். அதற்குப் பதில் சொன்ன பிறகு நீங்கள் கண்டதைச் சொல்லலாம். முதல் வாசிப்பில் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள், ஏனெனில் பிழை தேடும் கண்ணோடு படித்தால் கட்டுரை என்ன சொல்ல வருகிறது என்பதே பிடிபடாமல் போகும். இரண்டாம் வாசிப்பில், மனத்தில் நின்ற இடத்தையும் நீங்கள் தடுமாறிய இடத்தையும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழைவெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து அங்கே படர்ந்ததை அப்பகுதியினர் நன்கு அறிவர். அவரோ “நீர் மாசுபாட்டால் மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். “இந்தப் பத்தி நல்லாவே இல்ல” என்று தோழி சொன்னால் அவர் முகம் வாடுமே தவிர, பத்தி மாறாது. “ரெண்டாவது பத்தியில மக்கள்னு எழுதியிருக்க, யாருன்னு எனக்குப் புரியல. வலையில எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கிச்சுன்னு உங்க அப்பா சொன்னதா அன்னிக்குச் சொன்னியே, அதை இங்க எழுதலாமே” என்று சொன்னால், எந்த இடம், படித்தவருக்கு அங்கே என்ன நேர்ந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்ற மூன்றும் அந்த ஒரே பேச்சில் வந்துவிடுகின்றன. நம் தெருமுனைக் கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் நல்ல ஆட்டக்காரர், ஸ்ட்ரைக்கரை ஒரு விரற்கடை தள்ளி வைக்கச் சொல்வதில் இருக்கும் துல்லியம் கட்டுரைக்கும் வேண்டும். ஆனால் அந்த வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதிப் பழக வேண்டியவர் அவர்.

பேச்சு எழுத்தின் மேல் இருக்கட்டும், எழுதியவரின் மேல் வேண்டாம். இது வெறும் நாகரிகம் கருதிச் சொல்வதன்று. ஆவ்ரஹாம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி ஆகிய ஆய்வாளர்கள் 1996இல் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருத்துச் சொல்வது சராசரியாகப் பயன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டுத் தன்னைப் பற்றிய எண்ணத்தின் பக்கம் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். “நீ எப்பவுமே இப்படித்தான்” என்ற ஏச்சுக்கு மட்டுமல்லாமல், “நீ பிறவி எழுத்தாளன்” என்ற புகழ்ச்சிக்கும் இது பொருந்தும். எனவே பாராட்டையும் ஒரு வரியைச் சுட்டியே சொல்லுங்கள்.

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடவும் வேண்டாம். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்ற மாணவர்களிடம் காணப்பட்ட ஆர்வமும் முன்னேற்றமும், கருத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் காணப்படவில்லை.

எழுத்துப்பிழையைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசிவிட்டு வந்து தமிழில் எழுதும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் பலர். தமிழே பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ல, ள, ழ மயக்கம் உண்டு. பக்கம் முழுவதும் சிவப்பு வட்டங்கள் போட்டால், அடுத்த முறை அவர் தாளையே நீட்ட மாட்டார். ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், இரண்டு இடங்களை மட்டும் காட்டி, மற்றவற்றை அவரையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிழையைப் பற்றிய பேச்சு எப்போதும் தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நடக்க வேண்டும். கலாய்ப்பில் உங்களுக்குள் எவ்வளவு உரிமை இருந்தாலும், அரைகுறையாக நிற்கும் ஒரு படைப்பைப் பலர் முன்னால் கிண்டல் செய்யாதீர்கள்.

கருத்தைக் கேட்பவர் இடையில் மறுத்துப் பேசாமல் குறித்துக்கொள்வது நல்லது. ஐயங்களை முடிவில் கேட்கலாம்.

பலரும் விட்டுவிடும் பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. திருத்தி எழுதிய படியை வாங்கி மறுபடியும் படியுங்கள். எது மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தால் உங்களுக்கு இப்போது என்ன புரிகிறது என்பதைச் சொல்லுங்கள். தம் உழைப்பு எந்த இடத்தில் பலித்தது என்பதை எழுதியவர் அப்போதுதான் அறிவார். இந்த இரண்டாம் வாசிப்புக்கும் வகுப்பு நேரத்திலேயே சிறிது இடம் ஒதுக்கும்படி ஆசிரியரிடம் கேட்டுப் பெறுவது தகும். நீங்கள் சொன்னதை அவர் ஏற்காமல் விட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அப்பா சொன்னதைக் கட்டுரையில் எழுத அந்த மாணவிக்கு விருப்பம் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால், அந்த “மக்கள்” யார் என்று காட்ட வேறு என்ன எழுதலாம் என்று இருவரும் சேர்ந்து யோசியுங்கள்.