இரண்டு வயரிலும் ஒரே இரைச்சல்: கழித்துவிடும் சுற்றைச் செய்து பார்ப்போம்

போன வருடத் திருவிழாவில் மைக் வயரையும் ஜெனரேட்டர் வயரையும் ஒன்றாகக் கட்டி இழுத்துவிட்டேன். தேவாரத்தை விட 50 ஹேர்ட்ஸ் உறுமல்தான் உரக்கக் கேட்டது. ஐயரே திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வெட்கத்தில் பிறந்தது இந்தச் செய்முறை.

கிறவல் வீதியில் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் இருவர் அருகருகே இருந்து போகிறார்கள். பள்ளம் வந்தால் இருவரும் ஒன்றாக எகிறுவார்கள்; அவர்களுக்கிடையிலான உயர வித்தியாசம் மாறாது. முறுக்கிய இரண்டு வயர்களில் ஏறும் இரைச்சலும் அப்படித்தான், இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. இதுவே கொமன் மோட், அதாவது பொதுச் சைகை. குரலோ இரு வயர்களுக்கும் இடையிலான வித்தியாசமாக வருகிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் உறுமல் போய்க் குரல் மிஞ்சும்.

தேவையானவை: டிஎல்072 ஒப் அம்ப் (இரு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் பெருக்கிகள் இரண்டு அடங்கிய எட்டுக்கால் சிப்), ஒரு சதவீத (சொன்ன மதிப்பிலிருந்து அவ்வளவே பிசகக்கூடிய) 10 கிலோ ஓம் தடையி மூன்று, 9.1 கிலோ ஓம் ஒன்று, 2 கிலோ ஓம் ட்ரிம்மர் (திருகி மாற்றக்கூடிய தடையி), 9 வோல்ட் பற்றரி இரண்டு, 1.5 வோல்ட் பற்றரி ஒன்று, மல்டிமீற்றர். வீட்டு மின்சாரத்தை இதன் பக்கமே கொண்டுவராதீர்கள்.

9 வோல்ட் பற்றரிகளைத் தொடராக இணையுங்கள், நடுச்சந்திதான் பூச்சியம். நேர்முனை 8ஆம் காலுக்கு, மறைமுனை 4ஆம் காலுக்கு. உள்ளீடு 'அ' 10 கிலோ ஓம் வழியாக 2ஆம் காலுக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு 10 கிலோ ஓம் 1ஆம் காலுக்கு, அதுவே வெளியீடு. உள்ளீடு 'ஆ' மூன்றாவது 10 கிலோ ஓம் வழியாக 3ஆம் காலுக்கு, அங்கிருந்து 9.1 கிலோ ஓமும் ட்ரிம்மரும் தொடராகப் பூச்சியத்துக்கு. பயன்படாத பாதியில் 5ஐப் பூச்சியத்திலும் 6ஐ 7இலும் சேர்த்துவிடுங்கள்.

இனித்தான் பொறுமை வேண்டும். 'அ', 'ஆ' இரண்டையும் பூச்சியத்தில் தொட்டு, வெளியீட்டை 200 மில்லிவோல்ட் வீச்சில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில மில்லிவோல்ட் காட்டும். அது ஒப் அம்ப்பின் பிறவிக் குணம். பிறகு 1.5 வோல்ட் பற்றரியின் மறைமுனையைப் பூச்சியத்தில் வைத்து, நேர்முனையை இரண்டு உள்ளீடுகளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். அளவு மாறினால் அந்த மாற்றமே கசிவு, அதாவது கழிபடாமல் வெளியே வந்த பொதுச் சைகை. முதலில் குறித்த எண் திரும்ப வரும்வரை ட்ரிம்மரை மெதுவாகத் திருகுங்கள்.

நான்கு தடையிகளும் ஒரு சதவீத 10 கிலோ ஓமாக இருந்து, ட்ரிம்மரும் இல்லையென்றால், மோசமான நிலையில் 30 மில்லிவோல்ட் வரை கசியலாம்: கொடுத்த 1.5 வோல்ட்டில் ஐம்பதில் ஒரு பங்கு, டெசிபல் கணக்கில் 34 டெசிபல் தடுப்பு. திருகி 1 மில்லிவோல்ட்டுக்குக் கொண்டுவந்தால் 63 டெசிபலைத் தாண்டிவிடுவீர்கள். விலை கூடிய ஒப் அம்ப்பைத் தேடி அலைவதை விட இது எவ்வளவோ மேல். இந்தச் சுற்றில் குற்றவாளி பெரும்பாலும் தடையிதான்.

இப்போது 'ஆ'வை 1.5 வோல்ட்டிலேயே விட்டு 'அ'வைப் பூச்சியத்துக்கு மாற்றுங்கள். வெளியீடு 1.5 வோல்ட்டுக்கு ஏறும்: வித்தியாசம் மட்டும் அப்படியே வெளியே வருகிறது.

ஒரு எச்சரிக்கை. ஒரு வயரில் மட்டும் 100 ஓம் கூடுதலாக இருந்தால், கறள் பிடித்த பிளக் ஒன்றே போதும், 10 கிலோ ஓமில் ஒரு சதவீதம் பிசகி உங்கள் திருகல் வீணாகிவிடும். வயரின் கூடுதல் ஓம் இப்படித் தடையிகளோடு சேர்ந்துவிடாமலிருக்கத்தான் நல்ல கருவிகளில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் முன்னால் தனி ஒப் அம்ப் ஒன்றை வைக்கிறார்கள்.