வெறும் போத்தலைக் காட்டினால் கொடுக்காதீர்கள்: கண்ணுக்கு விடும் ஸ்டீரொய்ட் மருந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. திருகோணமலையில் இந்த மாதங்களில் கண் கடி, கண் சிவப்பு என்று பாமசிக்கு வருவோர் கூடுவார்கள். பாதிப்பேரின் கையில் வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டு இருக்காது, வெறும் போத்தல்தான் இருக்கும். போன கிழமை எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி, ஒரு தாய் நீட்டிய போத்தலை வாங்கிப் பெயரைப் பார்த்தார், அலுமாரியில் அதே ஸ்டீரொய்ட் மருந்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவருடைய வயதில் நானும் அதையேதான் செய்தேன்.

கை கழுவுவது, போத்தல் முனை இமையில் படாமல் விடுவது, காலாவதித் திகதி பார்ப்பது எல்லாம் முதல் கிழமையே சொல்லித் தந்துவிடுவார்கள். அவற்றை விடுகிறேன்.

வெறும் போத்தலை மருந்துத் துண்டாக எடுத்துக்கொள்வது

நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு தகப்பன் வருவார். மகனுக்கு அப்போது பத்து வயது இருக்கும். காற்றும் புழுதியும் கிளம்பினால் பிள்ளைக்குக் கண் கடி தாங்காது. கசக்கிக் கசக்கிச் சிவந்து, நூல் நூலாகப் பீளை வரும். கண் வைத்தியர் ஒருமுறை டெக்ஸாமெதசோன் என்ற, அழற்சியை அடக்கும் ஸ்டீரொய்ட் துளியை இரண்டு கிழமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டே நாளில் கண் வெளித்துவிட்டது. அதன்பின் அவர் வைத்தியரிடம் போகவில்லை, என்னிடம் வந்தார்.

"தம்பி, இதே மருந்துதான். இதை விட்டாத்தான் பெடியன் நித்திரை கொள்ளுறான். இன்னொண்டு தாங்கோ."

கொடுத்தேன். அடுத்த மாதமும் கொடுத்தேன். இப்படி ஏறத்தாழ ஒன்றரை வருடம். பழகிய முகம், பிள்ளைக்கும் சுகமாகிறது, மறுக்க ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. பிறகொரு நாள் வந்து, பக்கத்திலிருந்து வரும் பந்தைப் பெடியன் காண்கிறானில்லை, வாசற்படியில் தடக்குப்படுகிறான் என்றார். கிளினிக்கில் பார்த்தபோது கண்ணின் அழுத்தம் 40ஐத் தாண்டியிருந்தது. 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது. பார்வை நரம்பில் பெரும்பகுதி பட்டுப்போயிருந்தது.

கண்ணுக்குள் ஒரு நீர் எந்நேரமும் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. அது வடியும் இடத்தில் சல்லடை போன்ற ஓர் இழையம் உண்டு. ஸ்டீரொய்டைத் தொடர்ந்து விட்டால் சிலருக்கு அந்தச் சல்லடை வழியே நீர் சரியாக வடியாது. ஊறுவதோ நிற்காது. அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கும். பெரும்பாலும் நோவும் இராது, சிவப்பும் இராது. பார்வை ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வரும், நேரே பார்ப்பது கடைசிவரை தெளிவாகவே தெரியும். அதனால்தான் பிள்ளை சொல்லவில்லை, தகப்பனும் காணவில்லை.

நான்கு முதல் ஆறு கிழமை தொடர்ந்து விட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறும். 100 பேரில் ஐந்து பேர் அளவில் மிகக் கடுமையாக ஏறும். குளுக்கோமா (பெரும்பாலும் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய்) ஏற்கெனவே உள்ளவர்கள், பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ அது இருப்பவர்கள், நீரிழிவுக்காரர், கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்கள், சிறுபிள்ளைகள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். நீண்டநாள் விட்டால் கண்வில்லையின் பின்புறத்தில் வெண்புரையும் படரும். வெண்புரையைச் சத்திரசிகிச்சையால் அகற்றலாம். மருந்தை நிறுத்தினால் அழுத்தமும் பெரும்பாலும் இறங்கும். பட்டுப்போன நரம்பு திரும்பாது.

அந்தப் பிள்ளைக்கு இருந்தது ஒவ்வாமை. வெயிலும் காற்றும் கூடிய ஊர்களில் ஆண்பிள்ளைகளுக்கு அதிகம் வரும், பருவ வயதோடு பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அவனுக்கும் அடங்கிவிட்டது. பார்வைதான் போனது போனதாகவே இருக்கிறது. குளிர்ந்த ஒத்தடமும் ஒலோபட்டடீன் போன்ற ஒவ்வாமைத் துளிகளும் பல பிள்ளைகளுக்குப் போதும். போதாத இடத்தில் வைத்தியர் ஸ்டீரொய்டைச் சில நாளுக்குக் கொடுத்து, அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வார்.

போன கிழமை அந்தத் தம்பியிடம் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "அந்த அம்மாதானே அண்ணா கேட்டவ" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்கத்தான் செய்வார்கள். இரண்டு நாளில் கண்ணை வெளிக்கவைக்கும் மருந்தை யார்தான் கேட்கமாட்டார்கள்? துண்டு எங்கே, கடைசியாக எப்போது கண் அழுத்தம் பார்த்தீர்கள், வீட்டில் யாருக்கும் குளுக்கோமா இருக்கிறதா என்று நாம்தான் கேட்க வேண்டும். துண்டு இல்லையென்றால் மருந்தும் இல்லை. கண் கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

போத்தலில் 'ஸ்டீரொய்ட்' என்று எழுதியிருக்கும் என நம்புவது

எழுதியிருக்காது. டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசொலோன், ஃபுளோரோமெதொலோன் என்று 'சோன்', 'லோன்' என முடியும் பெயர்களைத் தேடுங்கள். லோட்டிபிரெட்னோல் இந்த அடையாளத்துக்குள் வராது, அதுவும் ஸ்டீரொய்ட்தான். நியோமைசின், டொப்ராமைசின் போன்ற அன்டிபயோட்டிக்குடன் கலந்த போத்தல்கள்தான் அதிகம் ஏமாற்றுபவை. 'கிருமிக்கு விடுற மருந்து' என்று வீட்டில் வைத்து எல்லார் கண்ணுக்கும் விடுவார்கள்.

சிவந்த கண் எல்லாவற்றுக்கும் விடுவது

தம்பலகாமத்தில் சூடடிப்புக் காலத்தில் நெல் உமியோ வைக்கோலோ கண்ணில் கீறிவிட்டதென்று வருவார்கள். அந்தக் காயத்தில் பங்கசு தொற்றியிருக்கலாம். ஸ்டீரொய்டை விட்டால் உடம்பின் எதிர்ப்பு அடங்கி, பங்கசு கருவிழிக்குள் ஆழமாக இறங்கும். ஹேர்பீஸ் வைரசும் அப்படித்தான். முதலில் கருவிழியில் மரக்கிளைபோல் மெல்லிய புண்ணாக இருக்கும், சாயம் இட்டு நீல ஒளியில் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். ஸ்டீரொய்ட் பட்டதும் சிவப்புக் குறையும், உள்ளே புண் அகலும். கருவிழி ஓட்டையாகிப்போகவும் கூடும். நோவு, வெளிச்சத்துக்குக் கூச்சம், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வைத்தியரிடம் அனுப்புங்கள்.

'இது லேசானது' என்பது

ஃபுளோரோமெதொலோன் அழுத்தத்தைக் குறைவாக ஏற்றும். ஏற்றாது என்றில்லை.

பயந்து சட்டென்று நிறுத்துவது

2023இல் இலங்கையில் வெண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுத்த பிரெட்னிசொலோன் துளிமருந்தில் கிருமி கலந்திருந்ததால் சிலர் பார்வை இழந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாட்களில், சத்திரசிகிச்சை முடிந்த ஒரு ஐயா தன் மருந்தைத் தானாகவே நிறுத்திவிட்டு, கண் வீங்கிப்போய் வந்து நின்றார். அவர் பயந்ததில் பிழையில்லை. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின்னும், கண்ணுக்குள் அழற்சி வந்தாலும் இந்த மருந்துதான் கண்ணைக் காக்கிறது. நாளுக்கு நான்கு, மூன்று, இரண்டு என்று வைத்தியர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பயம் இருந்தால் போத்தலோடு கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள்.

குலுக்காமல் விடுவது

பிரெட்னிசொலோன் அசிட்டேட் அடியில் படியும். ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும்.

மீதி போத்தல்

திறந்தால் 28 நாள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதச் சொல்லுங்கள், மிச்சத்தை எறியச் சொல்லுங்கள். அலுமாரி மூலையில் கிடந்தால் அடுத்த கச்சானுக்கு அதைத்தான் தேடி எடுப்பார்கள்.