மலிவு ரௌட்டரை வாடிக்கையாளர் இடத்தில் மாட்டும் முன்

விலை குறைவு என்பதாலேயே ஒரு ரௌட்டரை ஒதுக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சிப் பெரும்பாலும் நன்றாகவே உழைக்கும். தயாரிப்பாளர் காசை மிச்சம் பிடிப்பது அடாப்டரில், மின்தேக்கியில் (கெபாசிட்டர்), ரேமில், ஃபர்ம்வேரில் (ரௌட்டருக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்). சோதனையும் அங்கேதான் அழுத்த வேண்டும். பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அது இரண்டு வைஃபை அலைவரிசைகளின் உச்ச எண்களைக் கூட்டிப் போட்டது.

குறைந்தது மூன்று வாங்குங்கள். ஒன்றை மட்டும் சோதித்தால் அந்த ஒன்றின் குணம்தான் தெரியும். அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள வன்பொருள் பதிப்பு எண்ணைக் குறித்துவைக்கவும். ஒரே மாடல் பெயரில் வி1, வி2, வி3 என்று வரும்போது சிப்பும் ரேமும் மாறியிருக்கலாம். வி1 தேறியது வி3-க்குச் சான்றல்ல.

முதலில் அடாப்டர். வாடிக்கையாளர் 'ரௌட்டர் போச்சு' என்று சொல்லும்போது பல நேரம் போனது அதுதான். 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். சும்மா அளந்தால் 12 காட்டும். வைஃபையில் தரவு ஓடும்போது அளக்கவும். 11.4-க்குக் கீழே இறங்கினால் அந்த அடாப்டரை நம்ப வேண்டாம். கூட்டம் கூடும் நேரத்தில் மட்டும் தானாக ரீபூட் ஆவது இதன் அடையாளம். மாற்று அடாப்டரில் வோல்ட்டும் முனைத் துருவமும் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம். 5.5/2.1 மி.மீ. பின் கேட்கும் ரௌட்டரில் 5.5/2.5 பின்னும் நுழைந்துவிடும். ஆனால் தளர்ந்து நிற்கும், யாராவது மேசையை இடித்தால் அணையும்.

அடுத்தது சூடு. ஒன்றைத் திறந்து மின்தேக்கிகளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் வகை 65 டிகிரியில் ஏறக்குறைய 32,000 மணி, அதாவது மூன்றரை ஆண்டு ஓடும். 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் இரட்டிக்கும் என்பது கணக்கு. அதே 2000 மணி, ஆனால் 85 டிகிரி வகை என்றால் 8,000 மணிதான். ஓராண்டுகூட இல்லை. வாடிக்கையாளர் ரௌட்டரை எங்கே வைப்பார்? மூடிய அலமாரியில், இன்னொரு பெட்டியின் தலைமேல். அதையே செய்து பாருங்கள்: அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இணையப் பக்கப் போர்ட்டில் ஒரு கணினி, லேன் (உள்வலை) பக்கம் ஒரு கணினி, இடையே வேகம் அளக்கும் நிரலான ஐபெர்ஃப்3-ஐ எட்டு இணை ஓட்டங்களுடன் 12 மணி நேரம் ஓட விடுங்கள். முதல் மணியின் வேகமும் கடைசி மணியின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். ஆளில்லாத அறையில் இதைச் செய்யக் கூடாது.

வேகச் சோதனையில் அகப்படாத கோளாறு ஒன்று உண்டு: இணைப்புப் பட்டியல் நிரம்புவது. ரௌட்டர் ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைக்கிறது. ரேம் குறைவென்றால் சில ஆயிரம் வரிகளுக்குமேல் இடமிருக்காது. பல ரௌட்டர்களுக்குள் ஓடும் லினக்ஸின் இயல்பு அமைப்பில், பேச்சு நின்றுபோன டிசிபி இணைப்பு ஒன்று 5 நாள் வரை பட்டியலில் கிடக்கும். பட்டியல் நிரம்பினால் ஏற்கெனவே ஓடும் பிங்கும் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) வீடியோவும் ஓடும், புதுப் பக்கம் மட்டும் திறக்காது. ரீபூட் செய்தால் சரியாகிவிடும் என்பதால் யாரும் காரணத்தைத் தேடுவதில்லை. சோதிக்க, ஒரு ஸ்கிரிப்ட் எழுதி 500, 1000, 2000 என்று இணைப்புகளைத் திறந்து மூடாமல் வைத்து, எந்த எண்ணில் புது இணைப்பு மறுக்கப்படுகிறது என்று பாருங்கள். ஒரு கருவிக்கு 200 இணைப்பு என்று தாராளமாகக் கணக்கிட்டால், 20 பேர் உள்ள அலுவலகத்துக்கு 4,000 தேவை. அவரவர் கைபேசியையும் சேர்த்தால் 8,000.

மின்வெட்டுச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. டைமர் சாக்கெட் வைத்து நூறு முறை அணைத்துப் போடுங்கள். நீளமாக மட்டுமல்ல, ஒன்றிரண்டு விநாடி வெட்டுகளையும் கையாலேயே கொடுங்கள். பாதி வோல்ட்டில் விழித்துத் தொங்கிப்போவது அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் அமைப்புகள் அழியாமல் இருக்கின்றனவா, ஆள் தொடாமல் இணையம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபைபர் பெட்டி எழுந்திருக்க ரௌட்டரைவிட அதிக நேரம் எடுக்கலாம். முந்தி எழுந்த ரௌட்டர் நாலு முறை முயன்றுவிட்டு ஓய்ந்துபோனால், அது வாடிக்கையாளர் இடத்துக்கு லாயக்கில்லை. பெரும்பாலான மலிவு ரௌட்டர்களில் கடிகார பேட்டரி கிடையாது. எழும்போது தேதி பழைய ஆண்டைக் காட்டும், சில 1970-க்கே போகும். என்டிபி (இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் முறை) வழியே நேரம் சரியாகும் வரை, சான்றிதழைச் சரிபார்க்கும் விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு) ஏறாது.

ஃபர்ம்வேருக்குத் தயாரிப்பாளரின் பதிவிறக்கப் பக்கம் போதும்: உங்கள் பதிப்பு எண்ணுக்குக் கடைசியாக எப்போது வெளியீடு வந்தது? ஒன்றரை ஆண்டாக எதுவும் இல்லையென்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று கொள்ளலாம். வெளியிலிருந்து போர்ட் ஸ்கேன் செய்து (ரௌட்டரின் எண்ணிட்ட நுழைவாயில்களைத் தட்டிப் பார்ப்பது), இணைய நிறுவனம் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் 7547 உட்பட எதுவும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்சு டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் ரௌட்டர்கள் முடங்கியது அந்தப் போர்ட்டைக் குறிவைத்த தாக்குதலில்தான்.

இவ்வளவும் தேறினால் மூன்றையும் 14 நாள் தொடர்ந்து ஓட விடுங்கள். ரீபூட் ஆனால் உள்ளே இருக்கும் பதிவு அழிந்துவிடும். ஆகவே அந்தப் பதிவை (சிஸ்லாக்) வெளிக்கணினிக்கு அனுப்பவும். நிமிடத்துக்கு ஒரு பிங், கூடவே ஓடிய நேர எண்ணிக்கை. பிங் நின்றும் ஓடிய நேரம் தொடர்ந்தால் தொங்கியதோ லைன் கோளாறோ. பூஜ்யத்துக்குப் போயிருந்தால் ரௌட்டர் தானே விழுந்திருக்கிறது. மூன்றில் ஒன்று விழுந்தாலும் முதலில் அடாப்டரை மாற்றி மீண்டும் 14 நாள் ஓட்டுங்கள். அப்போதும் விழுந்தால் அந்த மாடலையே விட்டுவிடுங்கள். தேறியதை வாங்கும்போது பத்து இடத்துக்கு ஒன்று வீதம் அதே பதிப்பில் உபரியும், இரண்டு வீதம் உபரி அடாப்டரும் சேர்த்தே வாங்கிவிடவும். பிறகு தேடினால் அதே பதிப்பு கிடைக்காமல் போகலாம்.