உள்ளங்காலில் வந்தது ஆணியா, மருவா?

காட்டில் செருப்பில்லாமல் நடந்து பழகிய நம் கொங்குப் பக்கத்தில், பாதத்தில் எது தடித்தாலும் கால் ஆணி என்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் அது வைரஸால் வரும் மருவாக இருக்கும்.

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஆணியின் மேல் தோல் ரேகை தொடர்ந்து ஓடும். மரு வந்த இடத்தில் ரேகை விலகிப் போகும். மருவின் மேல்தோலை லேசாகத் தேய்த்தால் உள்ளே மிளகுத் தூள் தூவினது போலக் கரும்புள்ளிகள் தெரியும். அது வேர் இல்லை, உறைந்துபோன சிறு ரத்தக் குழாய்கள். மருவை இரு பக்கமும் கிள்ளினால் வலிக்கும். ஆணியை நேராக அழுத்தினால்தான் வலிக்கும்.

மரு என்று தெரிந்தால், மருந்துக்கடையில் தடித்த தோலைக் கரைக்கும் சாலிசிலிக் ஆசிட் கேளுங்கள். திரவம் என்றால் 17%, ஒட்டும் பட்டை என்றால் 40% கிடைக்கும். ராத்திரி 5 முதல் 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவிட்டு, வெளுத்த தோலைப் பாதம் தேய்க்கும் நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் துடைத்து, மருவின் மேல் மட்டும் வையுங்கள். சுற்றிலும் வாசலின் தடவினால் நல்ல தோல் வேகாது. 12 வாரம் வரைகூட ஆகலாம், பாதியில் விடாதீர்கள். அந்தக் கல்லை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது.

பிளேடால் செதுக்குவது, சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம், புண்தான் மிஞ்சும். கிணற்றில் நீச்சலடிக்கும் பிள்ளைகளுக்கு மரு இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி அனுப்புங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள், கால் மரத்துப்போனவர்கள் இதை வீட்டில் செய்யாமல் நேராகத் தோல் டாக்டரிடம் போய்விடுங்கள்.